புது எலெக்ட்ரிக் கிட்டார்: பிரிட்ஜ் பிக்கப் சத்தம் மெலிசு, ஜாக்கில் கரகரப்பு. கழட்டலாமா, திருப்பி அனுப்பலாமா?

திருநகர்_ஆறுதந்தி:
வணக்கம். ஆன்லைனில் வாங்கின ஸ்ட்ராட் வகை கிட்டார், வந்து நாலு நாள் ஆச்சு. மூணு சிங்கிள் காயில் பிக்கப் (தந்தி அதிர்வை வாங்குற ஒத்தைக் கம்பிச்சுருள்), 5 வழி ஸ்விட்ச். பிரிட்ஜ் (உடம்பில் தந்தி முடியிற இடம்) பக்கம் தள்ளினா கொசு கத்துற மாதிரி மெலிசா வருது. ரெண்டாவது இடத்துக்கும் நடு பிக்கப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஜாக்கில் சொருகின கேபிளை லேசா அசைச்சா கரகரன்னு வந்து சத்தம் நின்னுடுது. வாசிக்காம வச்சிருந்தா ஒரு ரீங்காரம். தந்தியில கை வச்சா குறையுது. வேற கேபிள், வேற ஆம்ப் போட்டாச்சு, அதே கதைதான். மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன் இருக்கு. பிக்கார்டை (பிக்கப், ஸ்விட்ச் எல்லாம் மாட்டியிருக்கிற முன்தட்டு) கழட்டலாமா?

சால்டர்_பித்தன்:
கழட்டாதீங்க தம்பி. திருகைத் தொடாமலே முக்கால்வாசி கண்டுபிடிச்சுடலாம்.

முதல்ல ரீங்காரம். அது பழுது இல்லை. சிங்கிள் காயில் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டோட இரைச்சலை வாங்கத்தான் செய்யும். தந்தியைத் தொட்டா குறையுதுன்னா பிரிட்ஜ் கிரவுண்ட் ஒயர் சரியா இருக்குன்னு அர்த்தம். தொட்டதும் கூடியிருந்தாத்தான் ஜாக்கில் ஹாட்டும் (சிக்னல் ஒயர்) கிரவுண்டும் மாறியிருக்கான்னு பார்க்கணும்.

இப்ப அளவு. கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் சொருகுங்க, மறுமுனை ஆம்பில் வேண்டாம். சிவப்பு புரோப் பிளக் நுனியில், கறுப்பு தண்டில். வால்யூம் முழுசா 10-ல் இருக்கணும். குறைச்சு வச்சா பாட்டோட (வால்யூம் குமிழுக்கு அடியில இருக்கிற மாறும் ரெசிஸ்டர்) ஓமும் சேர்ந்து காட்டி ஏமாத்திடும். மீட்டர் 20கே ரேஞ்ச். 1 (பிரிட்ஜ்), 3 (நடு), 5 (கழுத்து) இடங்களில் 5-லிருந்து 8 கிலோ ஓம் வரணும். 2, 4-ல் ரெண்டு பிக்கப் பேரலல், அதனால கிட்டத்தட்ட பாதி. மதுரை வெயில்ல செம்புக் கம்பி சூடேறினாலே 25 டிகிரியில் 6.0 காட்டுறது 38 டிகிரியில் 6.3 காட்டும், அதைப் பார்த்துப் பதறாதீங்க.

எங்கயாவது மீட்டர் '1' மட்டும் காட்டினா, அதாவது ரேஞ்சைத் தாண்டிப் போனா, விட்டுடாம 2000கே ரேஞ்சுக்கு மாத்திப் பாருங்க. அந்த எண்ணை இங்க போடுங்க.

மேலூர்_பேஸ்:
ஜாக் பத்தி. முதல்ல நட்டு லூசான்னு பாருங்க. லூசுன்னா வெளியில நட்டை மட்டும் திருகாதீங்க, உள்ள ஜாக்கும் சேர்ந்து சுத்தி ஒயர் முறுக்கி அறுந்துடும். தட்டோட ரெண்டு திருகைக் கழட்டி, ஜாக்கை உள்பக்கம் பிடிச்சுக்கிட்டு இறுக்கணும். பிளக் நுனியைக் கவ்வுற வளைஞ்ச தகடு விரிஞ்சிருந்தாலும் இதே கரகரப்பு வரும். ஒரு மில்லிமீட்டர் உள்ள வளைச்சா போதும். ஆனா தட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ரிட்டர்ன் நாள் முடியலையேன்னு பார்த்துக்கங்க.

திருநகர்_ஆறுதந்தி:
அண்ணே, அளந்தாச்சு. 5: 5.9. 4: 2.9. 3: 5.8. 2: 5.8. 1: 20கே-வில் '1', 2000கே-வில் 246. நட்டு இறுக்கமாத்தான் இருக்கு.

சால்டர்_பித்தன்:
அந்த 246 உங்க 250கே வால்யூம் பாட். பிரிட்ஜ் பிக்கப் சர்க்யூட்டிலேயே இல்லை, அதனால மீட்டர் பாட்டை மட்டும் பார்க்குது. 2-ல் பாதியாகாம 5.8-லேயே நின்னதும் அதனாலதான். ஜாக் வரைக்கும் ஒயரிங் இருக்கு. அசைச்சா விடுறது அந்தத் தகடாத்தான் இருக்கணும்.

இனி ரெண்டே வாய்ப்பு. ஸ்விட்ச் லக்கில் (ஒயரைச் சால்டர் பண்ற காது) ஒயர் விட்டிருந்தா பெரும்பாலும் சுத்தமா சத்தமே இருக்காது. உங்களுக்கு மெலிசா வருது. உள்ள காயில் கம்பி அறுந்தா அப்படித்தான்: அறுந்த ரெண்டு பக்கமும் கப்பாசிட்டர் மாதிரி நின்னு ட்ரெபிளை மட்டும் கடத்தும். அந்தக் கம்பி 42 கேஜ், சுமார் 0.06 மி.மீ. தடிமன். சுற்று ஆரம்பிக்கிற இடத்திலேயே, சால்டர் முனையை ஒட்டித்தான் அதிகம் அறும். அதை ஒட்டுறது முதல் தடவை பண்றவங்க வேலை இல்லை. உங்க 25 வாட் அயர்ன் லக்குக்குப் போதும்; பாட் முதுகில் கிரவுண்ட் வைக்க 40 வாட்டாவது வேணும், இல்லாட்டி ஈயம் உருண்டை உருண்டையா நின்னு பிடிக்காது. புது கிட்டாருக்கு இந்தப் பாடெல்லாம் எதுக்கு? திருப்பி அனுப்புங்க.

மேலமாசி_டோன்:
போனில் பேசி நேரத்தைப் போக்காதீங்க, மெயிலில் எழுதுங்க. ஸ்விட்சைத் தள்ளத் தள்ள மீட்டர் எண் தெரியிற மாதிரி ஒரே வீடியோ, வெட்டு இல்லாம. கூடவே சீரியல் நம்பர், பில். 2020 மின்வணிக விதிப்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்தில் தீர்க்கணும். இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்க. அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரா இருந்தாலும் நீங்க மதுரையிலேயே போடலாம்; 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள்ள போடணும்.

'டெக்னீஷியன் கிட்ட காட்டிச் சரி பண்ணிக்கங்க, பாதிக் காசு தர்றோம்'னு சொன்னா, வாரண்டி அப்படியே நிக்கும்னு எழுத்தில் வாங்காம ஒத்துக்காதீங்க.

மேலூர்_பேஸ்:
அனுப்பும்போது ட்ரெமோலோ கம்பியை (பிரிட்ஜில் சொருகியிருக்கிற கைப்பிடி) கழட்டித் தனியா சுத்தி வைங்க, தந்தியைக் கொஞ்சம் தளர்த்துங்க. தலைப்பகுதிக்கு அடியில துணி மடிச்சு வைக்கணும். கூரியரில் கழுத்து ஒடியிறது அங்கதான்.