வாகைக்குளம் ஏர்போர்ட்: வடசென்னையிலிருந்து ஊருக்குப் பறந்தவர்கள் சொல்லுங்கள்

திருவொற்றியூரிலிருந்து:

வடசென்னையில் தூத்துக்குடிச் சீமைக்காரர்களுக்குக் குறைவே இல்லை. ராயபுரம், காசிமேட்டில் கடல் தொழில் குடும்பங்கள், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டையில் மளிகைக்கடை அண்ணாச்சிகள், துறைமுக வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று தெருவுக்கு நாலு வீடாவது இருக்கும். ஊருக்குப் போவது என்றால் எங்களுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான். ராத்திரி எழும்பூரில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் ஊர். வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு விமானம் ஏறுவது எதற்கு என்றால், பெரும்பாலும் துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்கு.

என் பெரியப்பா இறந்த செய்தி வந்தபோது முத்துநகர் கிளம்பிப் போயிருந்தது. "மறுநாள் சாயங்காலம் எடுக்கிறோம், அதுக்குமேல வைக்க முடியாதுப்பா" என்றார் அத்தான். பஸ்ஸில் போயிருந்தாலும் ஒருவேளை சேர்ந்திருப்பேன். ஆனால் நடுவில் எங்காவது டயர் பஞ்சரானால் முகம் பார்க்க முடியாது. காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டேன். விலையை இங்கே எழுதவில்லை, வீட்டில் இன்னும் தெரியாது.

அப்போது பழைய கட்டடம். விமானத்திலிருந்து இறங்கி, வெயிலில் நடந்தே உள்ளே போக வேண்டும். ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் பாதிகூட இருக்காது. வெளியே வந்தால் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள், அதில் யார் யாருக்காக வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கையில் ஒரு சின்னப் பையோடு நான் வருவதைப் பார்த்ததும் கார் டிரைவர் ஒருவர், "துட்டிக்கா அண்ணாச்சி?" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "ஆமா, காலையிலயே கொட்டு சத்தம் கேட்டுச்சு" என்றபடி கதவைத் திறந்தார். வாடகை பேசவே இல்லை. இறங்கும்போது நான் கொடுத்ததை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீனம்பாக்கத்தில் அத்தனை கூட்டத்தில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அங்கே போய் வந்த மற்றவர்களும் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, நடந்ததை எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி. ரயிலில் மேல் பெர்த் கிடைத்துவிட்டால் அவ்வளவுதான். அதனால் ஒருமுறை தம்பி பிடிவாதமாக விமானத்தில் கூட்டிப்போனான். மீனம்பாக்கத்தில் பஸ்ஸில் ஏற்றி விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மா இறங்கிப் பார்த்துவிட்டு, "என்னலே இது, ஃபேன் வச்சிருக்கு?" என்று அங்கேயே நின்றுவிட்டார். அது ஏடிஆர் விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி. எழுபத்தெட்டு பேர் உட்காரலாம். ஏறுவது பின்பக்க வாசலில், மூட்டை முடிச்சு வைப்பது முன்பக்கம். அதனால் வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் பின்வரிசையில் இடம் கேளுங்கள், இரண்டு அடி நடந்தால் போதும். முன்வரிசை என்றால் ஏதோ கௌரவம் என்று தம்பி போட்டுவிட்டான். அம்மா அந்தக் குறுகிய நடையில் முழு நீளமும் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்தார்.

இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலில் உட்கார்ந்தாலும் தரை தெரியும், அது ஒரு சுகம். கீழே இறங்கும்போது உப்பளப் பாத்திகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. பயமெல்லாம் போய், "அந்தா பாரு, எங்க மாமா வேலை பார்த்த அளம்" என்று அம்மா காட்டிக்கொண்டே வந்தார். எல்லா உப்பளமும் அவருக்கு மாமா வேலை பார்த்ததுதான்.

காசிமேட்டிலிருந்து:

போகும்போது அக்கா வீட்டுக்கு ஒரு பெட்டி வஞ்சிரம் ஐஸில் போட்டுக் கொண்டுபோனவன் நான். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை என்று அத்தான் இன்றைக்கும் சிரிக்கிறார். என்ன செய்வது, எங்கள் மீன் எங்களுக்கு ஒசத்தி. வரும்போது மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்கிற பண்டம், கொஞ்சம் அழுத்தினாலும் தூளாகிவிடும். பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது, கையில்தான் கொண்டுவர வேண்டும். சென்னைக்குத் திரும்புகிற விமானத்தில் பாருங்கள், மேலே சாமான் வைக்கிற இடம் முழுக்க பேக்கரிப் பைகள். கருவாடு மட்டும் வேண்டாம் சார். செக்-இன் பண்ணுகிற இடத்திலேயே பையைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். மானம் போச்சு.

ராயபுரத்திலிருந்து:

எனக்குக் கொஞ்சம் கசப்பான அனுபவம். 2023 டிசம்பர். 4-ம் தேதி மிக்ஜாம் புயலில் நாங்கள் இங்கே மூழ்கினோம். மீனம்பாக்கமே மூடிக் கிடந்தது. தூத்துக்குடியிலிருந்து சித்தி போன் போட்டு, "இங்க வந்துருங்க பிள்ளைகளா" என்று அழுதார். எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் அங்கே தொடங்கிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சித்தி போன் எடுக்கவில்லை. விமானம் ரத்து. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நூற்றுக்கணக்கான பேரோடு நின்றது டிவியில் ஓடியது. ரோடும் அறுந்துவிட்டது. கடைசியில் மதுரை வரைக்கும் போய், கிடைத்த வண்டியில் தொற்றித்தான் ஊர் சேர்ந்தேன். சித்தி மாடியில் பத்திரமாக இருந்தார், போனில்தான் சார்ஜ் இல்லை.

ஆபத்துக்கு உதவும் என்று நம்பித்தான் சின்ன ஊருக்கும் ஏர்போர்ட் கேட்கிறோம். ஆபத்து வரும் நாளில் முதலில் நிற்பதே அதுதான் என்பதையும் பார்த்துவிட்டேன். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு, வயதானவர்களைச் சென்னைக்குக் கூட்டிவர அதே விமானம்தான் கைகொடுத்தது. அதையும் சொல்ல வேண்டும்.

பெரம்பூரிலிருந்து:

விலை பற்றி யாரும் எழுதவில்லையே. பல வருஷம் அங்கே ஓடுபாதை வெறும் 1,350 மீட்டர். அதில் விசிறி விமானம் மட்டும்தான் இறங்கும். விமானம் சின்னது, சீட்டு கொஞ்சம். பொங்கல், தீபாவளிக்கு டிக்கெட் விலை ஏறாமல் என்ன செய்யும்? 1992-ல் திறந்த இடம் அது. நடுவில் பல காலம் விமானமே வராமல் கிடந்து, 2006-ல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் உயிர் வந்தது. இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக்கி, ஏறத்தாழ 450 கோடி செலவில் புது முனையமும் கட்டி 2025 ஜூலை 26-ல் திறந்துவிட்டார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்துபோகலாமாம். ஏர்பஸ் மாதிரி பெரிய விமானமும் இறங்கலாம்.

ஜூலை 26 என்றால் பனிமய மாதா கோயில் கொடியேற்றம். அந்தச் சமயம் ஊரில் இருந்த என் மச்சான், ஒரு பக்கம் கொடியேற்றக் கூட்டம், இன்னொரு பக்கம் பிரதமர் வருகிறார் என்று போலீஸ், நடுவில் மாட்டிக்கொண்டேன் என்று புலம்பினான். முனையத்தின் முகப்பு செட்டிநாட்டு வீடு பாணியாம். தூத்துக்குடிக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன உறவு என்று யாராவது விளக்கினால் நல்லது. ஒரு முத்து, ஒரு தோணி கூடவா இவர்களுக்குத் தோன்றவில்லை?

பழைய கட்டடம் போச்சே என்று உருகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பெரிய விமானம் வந்து டிக்கெட் விலை இறங்கினால், துட்டிக்கு மட்டும் பறக்கிற நாம் கல்யாணத்துக்கும் பறக்கலாம். எனக்கு அதுதான் வேண்டும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஒரு சந்தேகம். மாமியாரைக் கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் போகிறேன், காலை விமானம். மெட்ரோவில் போகலாமா? சக்கர நாற்காலி கேட்டால் கொடுப்பார்களா?

திருவொற்றியூரிலிருந்து:

விம்கோ நகரிலிருந்து ஏர்போர்ட் வரை மாறாமல் போகலாம், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 2021-ல் இந்தப் பாதை வந்த பிறகு நம் பக்கத்து ஆட்களுக்கு மீனம்பாக்கம் பாதி தூரமாகிவிட்டது. ஆனால் முதல் வண்டி காலை 5 மணிக்குத்தான். உங்கள் விமானம் எட்டு மணிக்கு மேல் என்றால் மெட்ரோ, அதற்கு முன்னால் என்றால் ராத்திரியே கார் பேசி வைத்துவிடுங்கள். சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே விமானக் கம்பெனிக்குப் போன் பண்ணிச் சேர்க்கச் சொல்லுங்கள். பின்வரிசை சீட்டையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.