ஒரே ஈத்துக் கன்னிக் குட்டிகள் இரண்டு: சேர்த்து எடுக்கலாமா?

சுதா_மதுரை:

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டில் கன்னி நாய் (நம்ம ஊர் வேட்டை நாய் இனம்) குட்டி போட்டிருக்கிறது. மற்றதெல்லாம் ஆள் சொல்லியாகிவிட்டது. மீதி ஒரு கடுவன், ஒரு பெட்டை. "அண்ணன் தங்கச்சியைப் பிரிக்காம ரெண்டையும் கொண்டு போத்தா. ஒண்ணுக்கொண்ணு துணையா கிடக்கும், உனக்கும் வேலை மிச்சம்" என்கிறார் பெரியப்பா. இப்போது 40 நாள் ஆகிறது. தாய் பால் கொடுக்காமல் உறுமுகிறதாம், அதனால் இந்த ஞாயிறே வந்து தூக்கிக்கொள்ளச் சொல்கிறார்.

எங்கள் வீடு மதுரையில், கீழ்த்தளம், வாடகை. பின்னால் துணி காயப்போடும் அளவுக்கு ஒரு முற்றம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மாமியார் வீட்டில் இருப்பார், ஆனால் அவருக்கு முட்டி வலி, குனிந்து நிமிர முடியாது. மகள் ஏழாம் வகுப்பு. இரண்டும் வேண்டும் என்று அவள்தான் ஒற்றைக் காலில் நிற்கிறாள், பெயர்கூட வைத்துவிட்டாள். ஒன்றை மட்டும் எடுத்தால் பகலெல்லாம் அது தனியாகக் கிடந்து ஏங்குமோ என்று எனக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிரேம்_சேலம்:

யோசிக்கவே யோசிக்காதீங்க சிஸ்டர், ரெண்டையும் எடுங்க. எங்க வீட்டில் ஒரே தாய்க்குப் பிறந்த ரெண்டு நாட்டு நாய்கள், ரெண்டு வருஷமா ஒரே தட்டு, ஒரே சாக்கு. அதுங்களே விளையாடிக்கும், நாம ஒன்றும் பண்ண வேண்டாம். ஒன்றை மட்டும் பிரிச்சுக் கொண்டு வந்தால் பாவம் ப்ளஸ் ராத்திரி முழுக்க கச்சேரி.

கரிசல்காட்டான்:

சுதாம்மா, எனக்கும் கோவில்பட்டிப் பக்கம்தான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கன்னி உண்டு. பெரியப்பா சொன்னதில் 'துணை' என்பது நிஜம். 'வேலை மிச்சம்' என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இதற்கு ஒரு வேலை, அதற்கு ஒரு வேலை, இரண்டையும் தினமும் கொஞ்ச நேரம் பிரித்து வைப்பது மூன்றாவது வேலை. அந்த மூன்றாவதைச் செய்ய ஆள் இல்லாத வீட்டில் ஒரே ஈத்துக் குட்டிகள் இரண்டை எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஏன் பிரிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் ஒரே ஈத்துப் பெட்டைகள் இரண்டு வளர்ந்தன. வாசலில் நின்று சின்னவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் காது என் பக்கம் திரும்பும், கண் மட்டும் பெரியவளிடம் போகும். பெரியவள் எழுந்தால் இவளும் எழுவாள். பெரியவள் கொட்டாவி விட்டுத் தலையைச் சாய்த்தால் இவளும் அப்படியே சாய்ந்துவிடுவாள். கையில் கறித்துண்டு வைத்திருக்கிற நான் அங்கே மூன்றாம் ஆள். குட்டிக்கு விளையாட, கடிக்க, கட்டிப்பிடித்துத் தூங்க எல்லாமே இன்னொரு குட்டியிடம் கிடைத்துவிட்டால் மனுஷனைக் கவனிக்க வேண்டிய அவசியமே வராது. நாம் சோறு வைக்கிற ஆள், அவ்வளவுதான். அப்புறம் வளர்ந்த பிறகு ஒன்றைத் தனியாக வெளியே கொண்டு போனால் நடுங்கும், வீட்டில் இருப்பது ஊளையிடும்.

இதற்கு லிட்டர்மேட் சிண்ட்ரோம் என்று பெயர் சொல்கிறார்கள். இது மருத்துவத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட நோய் இல்லை, நாய்ப் பயிற்சியாளர்கள் புழக்கத்தில் விட்ட பெயர். எல்லா ஜோடிக்கும் வந்தே தீரும் என்றும் இல்லை. ஆனால் சேர்த்தே போட்டு வளர்த்தால் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

பிரிப்பது என்றால் கண்காணாமல் பிரிப்பது இல்லை. படுக்கை வேறு வேறு; முதலில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, நாள் போகப் போகத் தள்ளிப் போட வேண்டும். தட்டு வேறு, ஒன்றின் தட்டை இன்னொன்று எட்டாத தூரத்தில். காலையில் ஒன்றை ஒருவர் கூட்டிக்கொண்டு போனால் மற்றதை இன்னொருவர் வேறு தெருவில் கூட்டிப் போக வேண்டும். 'உட்கார்', 'வா' சொல்லிக்கொடுப்பதும் தனித்தனியாகத்தான், ஆளுக்கு ஐந்து நிமிஷம் போதும். மிச்ச நேரம் சேர்ந்து உருளட்டும், அதைத் தடுக்க வேண்டாம். பெயரும் கவனம்: ராஜு, ராணி மாதிரி ஒரே சத்தத்தில் வைத்தால் இரண்டும் குழம்பும். (மகள் வைத்த பெயர் என்ன?)

ஒன்றுக்கு, இரண்டுக்குப் பழக்குவதைச் சொல்ல மறந்தேன். ஒரு குட்டி என்றால் தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் முற்றத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டு போய் விட்டு, போனதும் தடவிக் கொடுத்தால் சீக்கிரம் படிந்துவிடும். இரண்டு என்றால் கூடத்தில் ஈரத்தைப் பார்ப்பீர்கள், யார் போனது என்று தெரியாது. இரண்டும் அப்பாவியாக முகத்தைப் பார்க்கும்.

இப்போது முக்கியமான விஷயம். கடுவனும் பெட்டையும் என்கிறீர்கள். இரண்டும் பெட்டையாக இருந்தால் ஒன்றரை, இரண்டு வயதில் ஒன்றை ஒன்று கிழிக்கிற சண்டை வரலாம். எங்கள் வீட்டில் வந்தது, கடைசியில் ஒன்றைத் தோட்டத்து வீட்டுக்கு மாற்றினோம். கடுவன் பெட்டை ஜோடியில் அந்தச் சண்டை குறைவு. ஆனால் பெட்டை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும், வேட்டை நாய் இனங்களில் சிலது கொஞ்சம் தாமதமாகும். கடுவனும் அதே வயதில் தயாராக இருக்கும். அண்ணன் தங்கச்சி என்ற கணக்கெல்லாம் நமக்குத்தான், அதற்குக் கிடையாது. பெட்டை பருவத்துக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் சுமார் மூன்று வாரம் இரண்டையும் ஒரே வீட்டில் கதவு போட்டுப் பிரித்து வைக்க வேண்டும், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் ஒரு தடவை தாழ்ப்பாளை மறந்தால் போதும். 63 நாளில் குட்டி. எங்கள் பக்கம் சிலர் 'சுத்த ரத்தம்' என்று வேண்டுமென்றே கூடப்பிறந்ததோடு சேர்ப்பார்கள். பலவீனமான குட்டிகளும் செத்துப் பிறக்கிற குட்டிகளும்தான் அதில் மிச்சம். ஆகவே இரண்டையும் எடுத்தால் கருத்தடை ஆபரேஷனுக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

40 நாளில் தூக்காதீர்கள். தாய் உறுமுவது கெட்டது இல்லை, பால் மறக்கடிக்கிற பருவம் அது. குட்டிக்குப் பல் முளைத்துக் காம்பில் குத்துகிறது, தாய் விரட்டுகிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும் இந்த நாட்களில்தான் கற்றுக்கொள்ளும். அந்தப் பாடம் முடியாமல் வந்தால் மிச்சத்தை உங்கள் மகளின் கையில் கற்றுக்கொள்ளும். எட்டு வாரம் முடியட்டும். பால் போதவில்லை என்றால் பெரியப்பா குழையச் சோறு, முட்டை, எலும்பில்லாத கோழி கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் நிலைமைக்கு என் பதில்: ஒன்று எடுங்கள். இரண்டாவது வேண்டும் என்றால் முதலாவது ஒரு வருஷம் வளர்ந்து, சொன்ன பேச்சு கேட்க ஆரம்பித்த பிறகு வேறு ஈத்திலிருந்து எடுக்கலாம். எங்கள் பக்கம் கல்யாணச் சீரோடு கன்னிக் குட்டி கொடுத்த காலம் உண்டு என்பார்கள். அப்போதும் ஜோடி போட்டுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை!

பிரேம்_சேலம்:

அண்ணாச்சி ரொம்ப பயமுறுத்துறீங்க. எங்க ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

கரிசல்காட்டான்:

நல்லா இருக்கட்டும் தம்பி, சந்தோஷம். ஒரு கேள்வி: ஒன்றை மட்டும் எப்போதாவது டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறீர்களா?

பிரேம்_சேலம்:

ஒரு தடவை கால் அடிபட்டு ஒன்றை மட்டும் தூக்கிட்டுப் போனோம். வீட்டில் இருந்தது கதவைப் பிறாண்டி வைச்சிருச்சு, சாப்பிடவும் இல்லை. அங்கே போனது டேபிளில் ஏறவே மாட்டேன்னு ஒரே அழுகை. அதிலிருந்து எங்கே போனாலும் ரெண்டையும் சேர்த்துத்தான். அது பாசம் அண்ணாச்சி!

கரிசல்காட்டான்:

பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பத்து வருஷம் கழித்து இரண்டில் ஒன்று முதலில் போகும் இல்லையா, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. தெருமுனை வரைக்கும் தினம் ஒன்றை மட்டும் கூட்டிப் போய்த் திரும்பி வாருங்கள். பழகிவிடும்.

வெட்_மாணவி:

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். அண்ணாச்சி சொன்னதோடு உடம்பு விஷயம் மட்டும் சேர்க்கிறேன் அக்கா. முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போட்டு, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில், அப்புறம் டாக்டர் சொல்கிற கணக்கில் திரும்பவும். ஒரு ஊசி போட்டாச்சே என்று தெருவில் இறக்கி விட்டுவிடாதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது, அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம்.

பயப்பட வேண்டியது பார்வோ என்கிற வைரஸ் நோய். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல், சோர்ந்து படுத்துக்கொள்வது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது, அன்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு குட்டி இருந்து ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் வந்த மாதிரிதான், செலவும் இரண்டு மடங்கு. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முற்றத்தில் முன்பு வாடகைக்கு இருந்தவர்கள் நாய் வளர்த்து, அது இப்படிச் செத்ததா என்று வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள். ஃபினாயிலை நம்ப வேண்டாம். திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, சிமென்ட் தரையில் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவலாம். காய்ந்த பிறகுதான் குட்டியை விட வேண்டும்.

அப்புறம், குட்டி விளையாட்டாகக் கடித்துப் பாப்பாவுக்குத் தோல் கிழிந்தால் மஞ்சள் வைத்து மூடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

சுதா_மதுரை:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி, மகள் வைத்த பெயர் சிட்டு, பட்டு! நீங்கள் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "ரெண்டு பேரை ரெண்டு தெருவுல யாரு கூட்டிட்டுப் போறது, நானா?" என்று கேட்டார். அத்தோடு முடிந்தது. ஒன்றுதான்.

பெரியப்பாவிடமும் பேசிவிட்டேன், எட்டு வாரம் முடிகிறவரை வைத்துக்கொள்கிறேன் என்று கொஞ்சம் முறைத்துக்கொண்டே சொன்னார். மற்றதைப் பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டிருக்கிறாராம். இரண்டு கேள்வி பாக்கி. இரண்டில் எதை எடுப்பது? ராத்திரி தனியாகக் கத்தினால் வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறாரே, என்ன செய்வது?

கரிசல்காட்டான்:

சிட்டு, பட்டு! தெருவே திரும்பிப் பார்க்கும்.

கடுவனா பெட்டையா என்பதை விட, குணம் பாருங்கள். கன்னி இயல்பிலேயே அந்நிய ஆளிடம் ஒட்டாத இனம். குட்டிகள் முழித்து விளையாடும்போது போய்க் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுங்கள். திடுக்கிட்டு ஓடி, அப்புறம் என்னதான் அது என்று கழுத்தை நீட்டிக்கொண்டு வருகிறதே, அது டவுன் வீட்டுக்கு ஆகும். மூலைக்குள் போய்த் திரும்பி வரவே இல்லை என்றால் அது தோட்டத்துக்குப் போகட்டும், அங்கே அதற்கு நிம்மதி. திரும்பியே பார்க்காமல் தூங்கினால் அல்லது விளையாடிக்கொண்டே இருந்தால் காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

கத்தல் விஷயம். முதல் சில ராத்திரி கத்தும், மாடிக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பாதிக் கோபம் குறைந்துவிடும். முற்றத்தில் கட்டிப் போடாதீர்கள். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உயரமான அட்டைப் பெட்டியில் பழைய துணி போட்டு விடுங்கள். கத்தினால் கையைத் தொங்கவிடுங்கள், மோந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடும். திரும்பவும் எழுந்து சுற்றினால் ஒன்றுக்கு முட்டுகிறது என்று அர்த்தம், தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் விட்டு, விளையாட்டுக் காட்டாமல் கொண்டு வந்து படுக்க வையுங்கள். பழகிய பிறகு பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள்.

பகலில் தனியாக ஏங்குமோ என்றீர்களே, மாமியார் இருக்கிறாரே. அவர் குனிய வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு கொடுத்தால் போதும். ஒரு மாதத்தில் அது உங்களை விட்டுவிட்டு அவர் பின்னால் போகும். நான்கு மாதத்துக்குள் குக்கர் விசில், ஹெல்மெட் போட்ட ஆள், பஸ் ஹாரன், கைத்தடி எல்லாவற்றையும் பார்க்க வையுங்கள். ஊசி முடிகிறவரை தூக்கிக்கொண்டுதான், இறக்கிவிட வேண்டாம். தெருவில் இறங்குகிற நாளிலிருந்து பெல்ட் இல்லாமல் கேட்டைத் திறக்கவே கூடாது. கன்னி பூனையைப் பார்த்து ஓட ஆரம்பித்தால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது.

பெரியப்பாவிடம் குடல் பூச்சி மருந்து எந்தத் தேதிகளில் கொடுத்தார் என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "கொடுத்தேன் கொடுத்தேன்" என்பார், தேதி சொல்ல மாட்டார். எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும்.