காரைக்குடி சினிமாவுக்கு குடுத்தது காசும் வீடும் மட்டும்தானா?

வைகைக்கரை:
காரைக்குடி ஆளுங்க சினிமா பேச்சு எடுத்தா போதும், ஏவிஎம் எங்க ஊரு, கண்ணதாசன் எங்க ஊருன்னு ஆரம்பிச்சுர்றீங்க. ஏவிஎம் மெய்யப்ப செட்டியார் படம் எடுத்தாரு, யாரு இல்லைன்னா? ஆனா ஜனங்கள சிரிக்க வச்சது யாரு? கலைவாணர் நாகர்கோவில், சந்திரபாபு தூத்துக்குடி, நாகேஷ் தாராபுரம், வடிவேலு எங்க மதுரை. உங்க பக்கம் ஒரே ஒரு காமெடி ஆளு பேரு சொல்லுங்க பாப்போம். நீங்க குடுத்தது ரெண்டே ரெண்டு, ஒன்னு காசு, இன்னொன்னு ஷூட்டிங்குக்கு வாடகை வீடு.

கல்லுக்கட்டிக்காரன்:
அண்ணே, காசு குடுத்தாருன்னு ரொம்ப ஈசியா சொல்லிட்டீங்க. யுத்த சமயத்துல மெட்ராஸ்ல கரண்டுக்கே திண்டாட்டம், அந்த நேரத்துல மெய்யப்ப செட்டியார் இங்க தேவகோட்டை ரஸ்தாவுல கொட்டகைய போட்டு ஸ்டுடியோ நடத்துனாரு, 'நாம் இருவர்' அங்க எடுத்ததுதான், 1947 ஜனவரில ரிலீஸ், சுதந்திரம் வர்றதுக்கு ஏழு மாசம் முன்னாடியே 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'ன்னு பட்டம்மாள் குரல்ல பாட வச்சாச்சு. அந்தப் படத்துலதான் வி.கே.ராமசாமி அறிமுகம். அப்ப அவருக்கு இருவது இருவத்தோரு வயசு இருக்கும், போட்டது கிழவர் வேஷம்! அதுக்கப்புறம் வாழ்நாள் பூரா அப்பா, மாமனார், பெரிய மனுசன்னு அதே கிழவர்தானே. அந்த நரைமுடி முதல்ல கேமராவுக்கு முன்னாடி வந்தது எங்க மண்ணுல.

வைகைக்கரை:
தம்பி, வி.கே.ஆர். விருதுநகர்காரரு. கொட்டகை போட்டது நீங்க, வந்து நடிச்சது வெளியூரு. நான் சொன்னதத்தான நீங்களும் சொல்றீங்க? அந்த ஸ்டுடியோவும் 1948லயே மூட்டையக் கட்டிக்கிட்டு கோடம்பாக்கம் போயிருச்சு. 'சபாபதி'ன்னு அடுத்து வராதீங்க, அது பம்மல் சம்பந்த முதலியார் நாடகம், சிரிக்க வச்சது டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்னமும்.

கல்லுக்கட்டிக்காரன்:
நாடகம் அவரோடது, சரி. 1941ல அத ஏ.டி.கிருஷ்ணசாமியோட சேந்து டைரக்ட் பண்ணது யாரு? முழுநீள காமெடிக்கு ஆளுங்கள பொருத்தமா புடிச்சுப் போடுறதும் ஒரு திறமைதான்.

பள்ளத்தூர் பேத்தி:
ரெண்டு பேரும் ஆம்பளைங்க பேராவே அடுக்குறீங்களே, மனோரமா ஞாபகமே வரலையா? சின்ன வயசுலயே அவங்க அம்மா அவங்கள தூக்கிக்கிட்டு பொழைக்க வந்தது காரைக்குடி பக்கத்துல எங்க பள்ளத்தூருக்கு. வீட்டு வேலை பாத்துத்தான் வளத்தாங்க. பன்னெண்டு வயசுல நாடகத்துல ஏறி 'பள்ளத்தூர் பாப்பா'ன்னு பேரு வாங்குன பொண்ணு அது. அப்புறம் நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரனோட நாடக மன்றம், அங்கருந்து 1958ல 'மாலையிட்ட மங்கை', அந்தப் படத்த தயாரிச்சது சிறுகூடல்பட்டி கண்ணதாசன். ஹீரோயின் வேஷம் குடுக்கல, காமெடி வேஷம் குடுத்தாரு. அதுல புடிச்சு ஆயிரம் படம் தாண்டிட்டாங்க. வைகைக்கரை அண்ணே, ஒரு பேரு கேட்டீங்கள்ல, இந்தாங்க.

டெல்டாக்காரன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். மனோரமா பொறந்தது மன்னார்குடி. எங்க கணக்குல வைங்க.

பள்ளத்தூர் பேத்தி:
பொறந்தது மன்னார்குடிதான், நான் இல்லைங்கல. ஆனா பேச்சும் பாட்டும் மேடையும் கத்துக்கிட்டது எங்க? தமிழ்நாடே அவங்கள ஆச்சின்னு கூப்பிட்டுச்சே, அது எங்க செட்டிநாட்டுப் பக்கம் பொம்பளைங்கள மரியாதையா கூப்பிடுறது, மன்னார்குடில யாரு யாரை ஆச்சிங்குறாங்க?

ரெண்டாங்கட்டு:
வீடு வாடகைன்னு ஒருத்தர் போகிற போக்குல சொல்லிட்டாரு, அதுக்கு நான் வர்றேன். எங்க பங்கு வீட்டுல ஒரு தடவ ஷூட்டிங் விட்டோம், கம்பெனி பேரு வேணாம். விடியமுன்ன ஜெனரேட்டர் வண்டி வந்து முகப்புல நின்னுரும், கை தடிமன் கேபிளு வளவு, அதான் உள்முற்றம், முழுக்க ஓடும், லைட் ஸ்டாண்டுக்கு அடில சாக்கு போடுங்கப்பான்னு கத்திக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி தரையில பதிச்ச ஆத்தங்குடி கல்லு கீறிரும். கீறிருச்சு. தேக்குத் தூணுல ஆணி வேற அடிச்சிட்டாங்க. ஊருல இருக்குற பங்காளி, சென்னைல இருக்குற பங்காளி எல்லாத்துக்கும் வாடகைய பிரிச்சா ஆளுக்கு ஒரு பட்டுச்சேலை கூட தேறல. படத்துல அந்த வீடு தஞ்சாவூர் பண்ணையாரு வீடாம்!

டெல்டாக்காரன்:
பாத்தீங்களா, வீடும் எங்க கணக்குல 😄

கல்லுக்கட்டிக்காரன்:
சிரிச்சது போதும், விஷயத்துக்கு வாங்க. பஞ்சு அருணாசலம் கண்ணதாசனோட அண்ணன் மகன். 'அன்னக்கிளி' எடுத்து 1976ல இளையராஜாவ கொண்டாந்தவரு. 'மைக்கேல் மதன காமராஜன்' அவங்க வீட்டுத் தயாரிப்புதான். எஸ்.பி.முத்துராமன் காரைக்குடிக்காரரு, ரஜினிய வச்சு மட்டும் 25 படம். ராம.நாராயணன் யானை, பாம்பு, குரங்கு எல்லாத்தையும் நடிக்க வச்சு நூறு படத்துக்கு மேல டைரக்ட் பண்ணாரு, நடுவுல 1989ல எங்க ஊரு எம்எல்ஏ வேற. இதெல்லாம் வாடகை வீடா?

வைகைக்கரை:
மைக்கேல் மதன காமராஜன்ல சிரிப்பு கிரேசி மோகன் எழுதுனது, அவரு மெட்ராஸ். குரங்குக்கு சொந்த ஊரு எதுன்னு தெரியல, தெரிஞ்சா சொல்லுங்க.

கல்லுக்கட்டிக்காரன்:
டிவிக்கு வாங்க அப்ப. 'நிம்மதி உங்கள் சாய்ஸ்'னு சீரியல் எடுத்தது ஏவிஎம். அத விடுங்க, பொங்கல் தீபாவளின்னா எல்லா சேனல்லயும் பட்டிமன்றம் ஓடுதே, ஜனங்க வயிறு வலிக்க சிரிக்குதே, அத மேடையில வளத்தது யாரு? சா.கணேசன் 1939ல ஆரம்பிச்ச காரைக்குடி கம்பன் கழகம், நடுவர் நாற்காலில குன்றக்குடி அடிகளார். வருசா வருசம் கம்பன் விழாவுல உக்காந்து கேட்ட கூட்டம்யா இது.

வைகைக்கரை:
பட்டிமன்ற நடுவர் சாலமன் பாப்பையா ஐயா மதுரை. நன்றி வணக்கம்.

கல்லுக்கட்டிக்காரன்:
மேடை எங்களோடதுண்ணே.

வைகைக்கரை:
அதத்தான்யா காலைல இருந்து சொல்றேன்! மேடை உங்களுது, கொட்டகை உங்களுது, வீடு உங்களுது, வந்து ஆடுறவன் வெளியூரு.

பள்ளத்தூர் பேத்தி:
அப்ப மனோரமா?

வைகைக்கரை:
அத அந்த டெல்டாக்காரர்கிட்ட பேசி முடிச்சுக்கங்க தங்கச்சி, அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல.