ஈ39: ஆர்ம் மாற்றி எட்டு மாதத்தில் மறுபடியும் ஸ்டீயரிங் நடுக்கம்

நீலச்செடான்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2001 பிஎம்டபிள்யூ 530ஐ, அதாவது ஈ39. பழைய வண்டியாக வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக நடுங்க ஆரம்பிக்கிறது, 100க்கு மேல் போனால் தானாக அடங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டால் நடுக்கம் முழங்கை வரை ஏறுகிறது.

இதே தொல்லைக்காகத்தான் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன்பக்க த்ரஸ்ட் ஆர்ம் (சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற கை) இரண்டையும் புதிதாகப் போட்டேன். முதல் மூன்று மாதம் வண்டி அவ்வளவு சுகமாக ஓடியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து, இப்போது பழையபடி. வீல் பேலன்ஸ் இரண்டு முறை செய்தாகிவிட்டது. பாகம் மட்டமா, டிஸ்க் தேய்மானமா, வேறு ஏதாவதா? இந்த முறை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். பிரேக் பேட், ஆயில் எல்லாம் நானே மாற்றுவேன், சஸ்பென்ஷனில் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை.

இன்லைன்ஆறு:

நீங்கள் சொல்வதைப் படித்ததும் பாகத்தைவிட, அதை முடுக்கிய விதத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. மூன்று மாதம் நன்றாக இருந்து பிறகு கெட்டது என்கிறீர்கள் பாருங்கள், அதுதான் காரணம்.

ஈ39இன் த்ரஸ்ட் ஆர்மில் சப்ஃப்ரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) பக்கம் இருக்கும் புஷ், அதாவது ஆர்மைச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் உருளை, வெறும் ரப்பர் இல்லை, உள்ளே திரவம் நிரப்பியது. சக்கரம் முன்னும் பின்னும் அசைவதை அந்தத் திரவம்தான் அடக்குகிறது. ரப்பர் கிழிந்து திரவம் ஒழுகிவிட்டால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை, டயரில் இருக்கிற சின்ன எடை வித்தியாசம்கூட 80க்கும் 100க்கும் நடுவில் பெரிய ஆட்டமாக ஸ்டீயரிங்கில் வந்து சேரும். பேலன்ஸ் எத்தனை முறை செய்தாலும் போகாது.

ரப்பர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கிழிகிறது? இந்த வகைப் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கும். போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் சப்ஃப்ரேமோடு இறுகிவிடும். அதற்கப்புறம் ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இடம் கொடுக்கும், வழுக்காது. வண்டியைத் தூக்கிச் சக்கரம் தொங்குகிற நிலையில் முடுக்கினால், கீழே இறக்கிய நொடியிலேயே ரப்பர் முறுக்கிய நிலைக்கு வந்துவிடுகிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் முறுக்குத்தான், பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுக்கு. சில மாதங்களில் கிழிந்துவிடும். லிஃப்டில் தூக்கி வேலை பார்க்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் தொங்கும் நிலையில் முடுக்குவது சுலபம்.

முதலில் அடித்தட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் புஷ்ஷைப் பாருங்கள். அதைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுக்கு வழிந்திருக்கிறதா? ஒரு நீளமான லிவரை ஆர்முக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினால் விரிசல் வாய் திறந்து காட்டும்.

மலைப்பாதை:

மேலே சொன்னது சரி, ஆனால் புஷ்ஷை வாங்குவதற்கு முன் ரிம்மையும் பார்த்துவிடுங்கள். ஈ39இன் நடுத்துளை 74.1 மில்லிமீட்டர். அந்தக் காலத்து மற்ற பிஎம்டபிள்யூக்கள் பெரும்பாலும் 72.6. வெளியில் வாங்கிய ரிம் என்றால் பெரிய துளை வைத்து நடுவில் வளையம் போட்டிருப்பார்கள், அந்த வளையம் தொலைந்தாலோ அளவு மாறினாலோ ரிம் நடுவில் உட்காராது. பேலன்ஸ் மெஷினில் சரியாகக் காட்டும், வண்டியில் மாட்டினால் நடுங்கும். நான் இரண்டு செட் டயரை இப்படி வீணாகச் சந்தேகப்பட்டேன். முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் என்றால் முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்கு வந்தால் ரிம் அல்லது டயர்.

நீலச்செடான்:

ரிம் கம்பெனியோடு வந்தது, முன்பின் மாற்றியும் நடுக்கம் ஸ்டீயரிங்கிலேயே இருக்கிறது. அடித்தட்டைக் கழற்றினேன். இடது புஷ்ஷிலிருந்து கறுப்புத் திரவம் வழிந்து, அதன் மேல் தூசி பிடித்துத் தார் மாதிரி இறுகிக் கிடக்கிறது. நெம்பினால் ரப்பரில் பிறை நிலா வடிவில் பிளவு திறக்கிறது, விரல் நகம் உள்ளே போகிறது. வலதில் ஒழுகல் இல்லை, விரிசல் மட்டும் ஆரம்பித்திருக்கிறது. புஷ்ஷை மட்டும் மாற்றலாமா, முழு ஆர்மா?

ஸ்பேனர்14:

முழு ஆர்ம் போடுங்கள் நண்பரே, இரண்டு பக்கமும். புஷ்ஷை மட்டும் மாற்ற பிரஸ் வேண்டும், அதிலும் புஷ்ஷில் இருக்கும் குறி ஆர்மில் இருக்கும் குறியோடு நேராக வர வேண்டும், கோணம் தப்பினால் அதுவே அடுத்த தொல்லை. முழு ஆர்மில் புஷ் சரியான கோணத்தில் ஏற்றியே வரும், சக்கரப் பக்க முனையில் இருக்கும் பால் ஜாயின்டும் (உருண்டை மூட்டு) புதிது. இடதும் வலதும் வேறு வேறு, வாங்கும்போது கவனம். லெம்ஃபோர்டர் பிராண்டு கிடைத்தால் நல்லது, கம்பெனிக்குக் கொடுப்பவர்களும் அவர்கள்தான்.

பால் ஜாயின்டைப் பிரிக்கக் கவைக்கோல் வைத்துச் சுத்தியலால் அடிக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற நல்ல ஜாயின்டின் ரப்பர் உறையும் கிழிந்து போகும். திருகி அழுத்தும் புல்லர் வாங்குங்கள். நட்டு கழலும்போது உள்ளே தண்டும் சேர்ந்து சுற்றினால், தண்டு கூம்புக்குள் அழுந்தும்படி ஆர்மை நெருக்கிப் பிடித்தால் நிற்கும். கழற்றிய செல்ஃப் லாக் நட்டை மறுபடி போட வேண்டாம், புதிது போடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. லிவரால் பலமாக நெம்பப் போகிறீர்கள், வண்டி ஆடும். ஸ்டாண்டில் இறக்கியதும் கையால் தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தலையை விடுங்கள்.

நீலச்செடான்:

சரி, இரண்டும் ஆர்டர் போட்டுவிட்டேன். சக்கரம் தரையில் இருந்தால் அடியில் கை நுழையாது, தூக்கினால் தொங்குகிறது. அப்புறம் எந்த நிலையில் முடுக்குவது?

இன்லைன்ஆறு:

வண்டியைத் தூக்குவதற்கு முன்னாலேயே, சமதரையில் நிற்கும்போது ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள். புது ஆர்மை மாட்டிப் பால் ஜாயின்ட் நட்டை முழு டார்க்கில் (சொல்லப்பட்ட முடுக்கு விசையில்) முடுக்கிவிடலாம், அது எந்த நிலையிலும் சுற்றும். புஷ் போல்ட்டை மட்டும் கையால் சும்மா பிடிக்கிற அளவுக்கு விடுங்கள். பிறகு சக்கரத்தை மாட்டி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் ஒரே உயரத்தில் கனமான மரக்கட்டை வைத்து வண்டியை அதன் மேல் இறக்குங்கள். முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி விட்டு, அளவு பழையபடி வருகிறதா என்று பார்த்து, அப்போது புஷ் போல்ட்டை முடுக்குங்கள். டார்க் அளவுகளை உங்கள் மாடலின் ரிப்பேர் கையேட்டில் பாருங்கள், வி8 இன்ஜின் வைத்த ஈ39இன் முன்பக்க அமைப்பே வேறு, அதன் அளவு உங்களுக்குப் பொருந்தாது.

வேலை நடக்கும்போது ஏபிஎஸ் சென்சார் ஒயரும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் இருக்கட்டும். முடித்ததும் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்வது) கட்டாயம். பிஎம்டபிள்யூ முறைப்படி முன் சீட்டு ஒவ்வொன்றிலும் 68 கிலோ, பின் சீட்டு நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ, டேங்க் முழுவதும் எரிபொருள் என்று வைத்துத்தான் அளக்க வேண்டும். காலி வண்டியில் அளப்பவர்களிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

நீலச்செடான்:

நேற்று முடித்தேன். காலையில் ஆரம்பித்து இருட்டும் வரை ஆனது, அதில் பாதி நேரம் இடது பால் ஜாயின்டோடுதான். புல்லரை இறுக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன், திரும்பி வருவதற்குள் டமார் என்று தானாகக் கழன்று நின்றது.

கழற்றிய ஆர்மைத் தரையில் வைத்துப் பார்த்தேன். தொங்கும் நிலையில் முடுக்கியதற்குச் சாட்சி அதிலேயே இருக்கிறது, ரப்பர் ஒரே பக்கமாக இழுத்துக் கிழிந்திருக்கிறது. மரக்கட்டை மேல் இறக்கியபோது அளவு இரண்டு பக்கமும் பழையபடியே வந்தது, அப்போதுதான் போல்ட்டை முடுக்கினேன். அலைன்மென்டும் எடை வைத்தே செய்து கொடுத்தார்கள். இன்று 90இல் நீண்ட தூரம் ஓட்டினேன், பிரேக்கும் போட்டுப் பார்த்தேன், ஸ்டீயரிங் அசையவே இல்லை. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

முன்பக்கம் அமைதியானதும் பின்னால் ஒரு சத்தம் கேட்கிறது. மெதுவாக மேடு ஏறி இறங்கும்போது வலது பின் சக்கரத்தில் டக் என்று ஒரே ஒரு முறை.

ஸ்பேனர்14:

முதலில் பின் ஸ்டெபிலைசர் லிங்கை (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு) அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டு, பக்கத்தில் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் லிங்க். நிற்கவில்லை என்றால் சக்கரத்தின் அடிப்பக்க பால் ஜாயின்ட், அந்த மாடலில் அது தேய்வது வழக்கம். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கையிலேயே தெரியும்.