பழைய 1035-இல் பேக்ஹோவா? டாப் லிங்க் தாங்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

பட்டறைவாசி:
ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய மாஸே 1035 டிராக்டர். கலப்பை மாட்டும் அதே மூன்று பாயின்டில் (கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே ஒரு டாப் லிங்க்), வீட்டிலேயே வெல்டிங் அடித்த பேக்ஹோ, அதாவது ஜேசிபியின் பின்னால் இருக்கும் தோண்டும் கை. "இனி ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டாம், நீங்களே செய்யலாம்" என்று பேச்சு வேறு. கீழே வரிசையாக "சூப்பர் அண்ணா". ஒருத்தராவது அந்த டாப் லிங்கைப் பார்த்தீர்களா? உழவுக்குப் போடும் அதே லிங்க், மரை பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது. ஓட்டுகிறவர் சீட் ஃப்ரேமிலேயே இருக்கிறது, முதுகு டிராக்டர் பக்கம். பக்கெட் மண்ணைக் கவ்வி இழுக்கும்போது லிங்க் வளைந்தால் ஃப்ரேம் முன்னால் மடியும். நடுவில் இருப்பது அவர் முதுகுதான். டாப் லிங்க் தாங்காது. அவ்வளவுதான் நான் சொல்வது.

மேட்டாங்காடு:
அண்ணே, என்னுடையதும் மூன்று பாயின்ட்தான். போன கோடையிலிருந்து ஓடுகிறது. வாய்க்கால் வெட்டியாச்சு, தென்னங்குழி எடுத்தாச்சு, சொட்டுநீர் பைப்புக்குப் பள்ளம் போட்டாச்சு. லிங்க் வளையவில்லை. நீங்கள் ஒன்றாவது செய்து ஓட்டியிருக்கிறீர்களா, அல்லது பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததோடு சரியா?

பட்டறைவாசி:
இன்னும் வளையவில்லை என்பதை வளையாது என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன சொல்ல? ஒரு நாள் பக்கெட் வேரில் மாட்டும். அன்றைக்குத் தெரியும் டாப் லிங்க் யார் என்று.

டிப்ளமோ மெக்கானிக்:
சண்டைக்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். எவ்வளவு ஆழம், என்ன மண், எவ்வளவு பிரஷர்? இது தெரியாமல் தாங்கும், தாங்காது என்று என்ன பேச்சு? சும்மா ஒரு கணக்கு: 80 மி.மீ. போர் (உள்விட்டம்) சிலிண்டர், 150 பார் பிரஷர் என்றால் தள்ளும் விசை சுமார் 7.5 டன். பக்கெட் பல்லுக்கு வந்து சேர்வது அதில் கால்வாசி என்றாலும் 1,800 கிலோவுக்கு மேல். பல் இருப்பது லோயர் லிங்கிலிருந்து 2 மீட்டர் கீழே. டாப் லிங்க் இருப்பது அரை மீட்டர் மேலே. நாலு மடங்கு. அதே 7.5 டன் திரும்பி வந்து டாப் லிங்கில் நிற்கும். ஜாக்கி கால் மண்ணில் ஊன்றி வாங்கிக்கொள்வதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கிணத்துமேடு:
ஏழரை வந்து டாப் லிங்கில் உட்கார்ந்துவிட்டதா! பரிகாரம் ஏதாவது உண்டா சார்?

மேட்டாங்காடு:
150 பார் யார் வைத்தது? பிரஷர் மிஞ்சாமல் திறந்துவிடும் என் ரிலீஃப் வால்வு 100-இல் நிற்கிறது. செம்மண்ணுக்கு அதுவே தாராளம். இன்னொன்று, நான் உழவு லிங்கைப் போடவில்லை. 32 மி.மீ. இஎன்8 எஃகு ராடு, லேத்தில் கடைந்து இரண்டு முனைக்கும் கண் வைத்தது. அது எங்கே வளையும்?

பட்டறைவாசி:
ஆக, டாப் லிங்க் தாங்காது என்று தெரிந்துதானே மாற்றினீர்கள்! இதைத்தான் நான் முதல் வரியிலேயே சொன்னேன்.

சரி, லிங்கைத் தடியாக்கிவிட்டீர்கள். அதன் முன் முனை எங்கே மாட்டியிருக்கிறது? டிராஃப்ட் கன்ட்ரோல் ஸ்பிரிங்கில். கலப்பை தள்ளும் தள்ளலை உணர்ந்து லிப்டுக்குச் சேதி சொல்வதற்காக ஃபெர்குசன் காலத்திலிருந்து அங்கே இருக்கிற ஸ்பிரிங் அது. பூம் (தோண்டும் கை) முழுக்க நீண்டால் லிங்க் இழுபடும், பல் மண்ணை வாரினால் அதே லிங்க் நசுங்கும். இழு, தள்ளு, இழு, தள்ளு. வார்ப்பு இரும்பு ஹவுசிங் இதற்கு எத்தனை காலம் பதில் சொல்லும்? லிங்க் தடித்தால் அடி நேராக ஹவுசிங்குக்குப் போகும்.

லிப்ட் கைகளும் மேலே தூக்கத்தான் செய்யும், கீழே அமுக்காது. எடை இருப்பதால் இறங்குகிறது, அவ்வளவுதான். பக்கெட்டைத் தரையில் வைத்து அழுத்துங்கள், ஃப்ரேம் உங்களையும் தூக்கிக்கொண்டு எழும்பும். ஆக்சிலில் யூ-போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் சேனல் ஓட்டி, எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடிக்கிற சப்-ஃப்ரேம் வேண்டும். பேக்ஹோ முழுக்க, கடைசி மாட்டு-பின் வரைக்கும், அதில்தான் நிற்க வேண்டும்.

மேட்டாங்காடு:
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. சப்-ஃப்ரேம் செய்து விற்கிறவர் மூன்று பாயின்ட் ஆபத்து என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? ரொட்டவேட்டர் பிளேடு பேச்சிலும் இதே கதைதான். தேய்ந்த பிளேடுக்கு மேல் வெல்டிங் வைத்தால் போதும் என்று நான் சொன்னேன், புது செட் போடு என்று நின்றீர்கள். யார் கடையில் புது செட் இருந்தது என்பதை மறக்கவில்லை.

பட்டறைவாசி:
பிளேடை இங்கே இழுக்காதீர்கள். உங்கள் வெல்டிங் பிளேடு தெறித்துப் பக்கத்துக் காட்டில் கிடந்ததை நானும் மறக்கவில்லை. பேச்சு டாப் லிங்க்.

கிணத்துமேடு:
எனக்கு ஒரு சந்தேகம். டிராக்டரிலேயே ஹைட்ராலிக் இருக்கிறதே, அதிலிருந்தே ஹோஸ் எடுத்தால் ஆகாதா? எல்லோரும் ஏன் தனி பம்ப் வைக்கிறார்கள்?

பட்டறைவாசி:
நல்ல கேள்வி, கேட்க ஆள் இருக்கிறதே. 1035-இன் பம்ப் ஹவுசிங்குக்குள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கும் பிஸ்டன் பம்ப். கன்ட்ரோல் வால்வு ஆயிலை உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. நாலைந்து லீவர் உள்ள வால்வு பேங்கை ஓயாமல் ஊட்ட அது பிறக்கவில்லை. வேகத்தையும் பாருங்கள். 80 மி.மீ. போர், 600 மி.மீ. ஸ்ட்ரோக் சிலிண்டர் ஒருமுறை நிறைய 3 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் 12 விநாடி; பூம் எழும்புவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். 40 லிட்டர் கியர் பம்ப் என்றால் ஐந்து விநாடிக்குள் முடியும். டிராக்டரின் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுதான் சுற்றும், ஆகவே நடுவில் வேகம் கூட்டும் கியர்பாக்ஸ் ஒன்று. 150 பாரிலும் கேட்பது 13, 14 எச்.பி.; 36 எச்.பி. வண்டிக்கு ஒன்றுமில்லை. சிலிண்டருக்கு கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடுங்கள். ராடில் கீறல் இருந்தால் தொடாதீர்கள், சீல் மாற்றியே சொத்து அழியும்.

இவ்வளவும் சரியாகச் செய்து கடைசியில் டாப் லிங்கில் மாட்டினால் எல்லாம் வீண்.

ஐஷர் பிரியன்:
மாஸே மாஸே என்று ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? ஐஷரில் மாட்டுங்கள். 1959-இல் ஃபரிதாபாத்தில் வண்டி இறக்கிய கம்பெனி. ஏர் கூல்டு எஞ்சின், ரேடியேட்டர் தொல்லையே இல்லை. நின்ற இடத்தில் நாள் முழுக்க ஓடும்.

மேட்டாங்காடு:
அந்த டிராக்டர் கம்பெனியை 2005-இல் வாங்கியதே மாஸே செய்கிற டாஃபேதான். எங்கள் மாஸே வீட்டுக்கு வாழ வந்த மருமகள்.

ஐஷர் பிரியன்:
வாங்கினால் பிறப்பு மாறிவிடுமா? டாஃபே தொடங்கியதே 1960. மூத்தவர்களுக்கு மரியாதை கொடுத்துப் பழகுங்கள் தம்பி.

டிப்ளமோ மெக்கானிக்:
ஆழம் எவ்வளவு என்று நான் கேட்டது இன்னும் அப்படியே கிடக்கிறது. பிரேக்கையும் யாரும் பேசவில்லை. ஜாக்கி கால் பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் எதைப் பிடிக்கும்? முன்சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. ஜேசிபிக்காரர்கள் முன் பக்கெட்டைத் தரையில் அமுக்கி வைப்பார்கள். உங்கள் 1035 பக்கெட் இழுக்கிற பக்கமே ஊர்ந்து போகும்.

மேட்டாங்காடு:
பின்சக்கரத்தை ஏன் தூக்குகிறீர்கள்? காலை ஊன்றி, டயர் மண்ணை விடாத அளவுக்கு நிறுத்த வேண்டும். கையால் ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

பட்டறைவாசி:
அவர் கேட்டது பிரேக்கை. நான் கேட்பது டாப் லிங்கை. இரண்டுக்கும் உங்களிடம் ஒரே பதில், "எனக்கு ஓடுகிறது".

மேட்டாங்காடு:
ஓடுகிறதுதானே! ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வாருங்கள். நீங்களே சீட்டில் உட்கார்ந்து ஓட்டுங்கள், லிங்க் வளைந்தால் சப்-ஃப்ரேம் உங்களிடமே வாங்குகிறேன்.

பட்டறைவாசி:
வருகிறேன். அந்த இஎன்8 ராடைக் கழற்றிவிட்டு, வீடியோவில் இருந்த மாதிரி உழவு லிங்கை மாட்டுங்கள். சீட்டில் நீங்கள் உட்காருங்கள், நான் வரப்பில் நிற்கிறேன்.

கிணத்துமேடு:
அண்ணன்மாரே, நடுவில் ஒன்று. நான் பம்ப் வாங்கிவிட்டேன். டேங்குக்கு ஹைட்ராலிக் ஆயில் எது ஊற்றுவது?

பட்டறைவாசி:
கெட்டித்தன்மை எண் 68 ஊற்றுங்கள். மூன்று பாயின்டில் மட்டும் மாட்டாதீர்கள்.

மேட்டாங்காடு:
46 போதும் தம்பி.

பட்டறைவாசி:
நம்ம ஊர் வெயிலுக்கு 46-ஆ? யார் சொன்னது உங்களுக்கு?