1 ஹெச்பி மோட்டார், மீட்டரில் 1,125 வாட்: பார்த்தவங்க எழுதுங்க

கோட்டையூரான்:
காரைக்குடியில் ஒரு வீடு, போர்வெல்லில் 1 ஹெச்பி சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்). மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விட்டு, மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கை எண்ணினால் நிமிடத்துக்கு 60. அந்த மீட்டரில் யூனிட்டுக்கு 3,200 பல்ஸ், அதாவது 3,200 மினுக்கு. 60 × 60 ÷ 3200 = 1.125 கிலோவாட். "ஹெச்பிக்கு 746 வாட்தானே, மீட்டர் தாறுமாறா ஓடுது" என்று வீட்டுக்காரர் ஒரே பிடி. மீட்டர் ஒழுங்காத்தான் ஓடுது. தகட்டில் உள்ள ஹெச்பி, தண்டு வெளியே கொடுக்கும் திறன். 746 ÷ 1125, அதாவது 66 சதவீதம். மிச்சம் மோட்டாருக்குள்ளேயே சூடாகப் போயிருது.

ரெண்டாங்கட்டு:
விளக்கை எண்ணுவானேன் அண்ணே? பள்ளத்தூரில் இதே மாதிரி மோட்டாருக்கு டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கிற கருவி) போட்டப்ப 6.1 ஆம்பியர், 230 வோல்ட். பெருக்கினா 1,403. உங்க கணக்கு உதைக்குதே.

கப்பிக்கயிறு:
தம்பி, அது வாட் இல்ல, வோல்ட்-ஆம்பியர். பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியரில் எத்தனை பங்கு நிஜ வாட் என்பது) 0.8 என்றால் 1,122 வாட். கோட்டையூரார் சொன்னதேதான். டெஸ்டரில் ஒரு வயரை மட்டும் கவ்வணும். ரெண்டையும் சேர்த்துக் கவ்வினா சைபர் காட்டும்.

எனக்கு உறுத்துறது வேற. கானாடுகாத்தான் பக்கம் ஒருத்தர் 60 மீட்டர் ஆழத்தில் மோட்டாரைத் தொங்க விட்டிருந்தார். 1,000 லிட்டர் ஏற 15 நிமிடம். 1000 கிலோ × புவியீர்ப்பு 9.8 × 60 மீட்டர் ÷ 900 விநாடி = 653 வாட் என்று நோட்டில் எழுதிப் பெருமையாக நீட்டினார். தப்பு. தண்ணீர் நின்றது தரைக்குக் கீழே 22 மீட்டரில், டேங்க் வாய் தரைக்கு மேலே 8 மீட்டர். தூக்குற உயரம் 30 மீட்டர்தான். நீர்மட்டத்துக்குக் கீழே குழாய்க்குள்ள இருக்கிற தண்ணீரை வெளியே நிற்கிற தண்ணீரே தாங்கிக்கும். ஆகவே 327 வாட். மோட்டார் இழுத்ததும் 1,125தான் என்றால் அதில் 29 சதவீதம்தான் தண்ணீரைத் தூக்கத் தேறும்.

யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். நீர்மட்டத்தை மோட்டார் அரை மணி ஓடின பிறகு, ஓடும்போதே பாருங்க. நிறுத்தி வைத்துப் பார்த்தா மட்டம் மேலே வந்து உயரம் குறைவாக் காட்டும். நூல் விட்டு அளந்தா கேபிளில் சிக்காம பார்த்துக்குங்க. டேங்க் நிரம்புற நேரத்தை எடுக்கிறப்ப வீட்டில் ஒரு குழாயும் திறந்திருக்கக் கூடாது. பழைய குழாயில் உப்புப் படிந்திருந்தா உராய்வுக்கும் திறன் போகும்; அது இந்த 327-இல் சேராது.

வளவுவாசி:
பின்கட்டுக் கிணற்றுக் கணக்கையும் சேர்த்துக்குங்க. 12 மீட்டர், 10 லிட்டர் வாளி: 1,176 ஜூல். 20 விநாடியில் இழுத்தா 59 வாட், 10 விநாடியில் இழுத்தா 118. வேகமா இழுத்தா வேலை கூடும்னு ஒரு ஆச்சி சாதிச்சாங்க. தண்ணீருக்குச் செய்கிற வேலை அதேதான், திறன்தான் இரட்டிக்குது. வெறும் வாளி இறங்குறதையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 40 விநாடின்னா சராசரி 29 வாட். அந்தக் கணக்கில் 1,000 லிட்டருக்கு 100 வாளி, 67 நிமிடம்.