மறு: ‘கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை ஓரமாக இருந்து படித்துக்கொண்டிருந்தேன். இருக்கிற கருவி போதாமல் இன்னொன்று, இன்னொன்று என்று வாங்கத் துடிக்கிற இந்த நோய் எனக்கே இருப்பதால் வாயைத் திறக்கக் கூச்சம்.

> கருவி கையகப்படுத்தல் நோய்க்குறித்தொகுப்பு. சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறதே?

வருகிறது ஐயா. ஆனால் ‘கையகப்படுத்தல்’ என்றதும் தாசில்தார் வந்து நாலுவழிச் சாலைக்கு நிலம் அளக்கிற காட்சிதான் எனக்குத் தெரிகிறது. அப்புறம், ஆங்கிலத்திலும் இது டாக்டர்கள் வைத்த பெயர் இல்லை. ஸ்டீலி டான் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் ஒரு கிதார் இதழில் கேலியாக எழுதியது. அவர் சொன்னது ‘கிதார் அக்விசிஷன் சிண்ட்ரோம்’. சங்கதி கிதாரோடு நிற்கவில்லை, அதனால் ‘கியர்’ ஆயிற்று. இப்போது கேமராக்காரர்களும் அதே பெயரைச் சொல்கிறார்கள். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கேஸ்’. வயிற்றில் சேருமே, அந்த கேஸ்தான். சிரிப்பே அங்கேதான் இருக்கிறது. அதைப் பாடநூல் தமிழில் பெயர்த்தால் நகைச்சுவைத் துணுக்குக்கு அரசாணை போட்ட மாதிரி ஆகிவிடும்.

> கருவிக்குவிப்பு என்றோ கருவி மோகம் என்றோ வைக்கலாம்.

‘குவிப்பு’ என்பதில்தான் எனக்குப் பெரிய தகராறு. எண்ணிக்கையா நோய்? கர்நாடக சங்கீதத்தில் புல்லாங்குழல் வாசிப்பவரின் பையைத் திறந்து பாருங்கள், நீளமும் குட்டையுமாக எத்தனை குழல் இருக்கும்! ஒரு குழலுக்கு ஒரு சுருதிதான். துளை போட்ட மூங்கிலை முறுக்கி ஒன்றரைக் கட்டையிலிருந்து (கட்டை என்பது சுருதியின் அளவு) இரண்டுக்கு ஏற்ற முடியாது. மிருதங்கமும் அப்படித்தான். ஒரு கட்டையில் பாடுகிற ஆணுக்கும் ஐந்து கட்டையில் பாடுகிற பெண்ணுக்கும் ஒரே மிருதங்கத்தை வைத்துச் சமாளிக்க முடியாது. தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கடம் சுட்ட மண், அதைக் கேட்கவே வேண்டாம். இவர்கள் வீட்டில் பத்து இருந்தால் அது தொழில். என் வீட்டில் இருப்பதோ ஒரு கிதார், இரண்டு பெடல் (கிதாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி). ஆனால் நோயாளி நான்தான்.

‘மோகம்’ வெளியே நின்று அடுத்தவரைத் திட்டுகிற சொல். தங்க மோகம், சினிமா மோகம் என்று வார இதழ்த் தலைப்பு வாடை அடிக்கிறது. ‘கேஸ்’ தன்னைத்தானே கேலி செய்துகொள்கிற சொல்.

அந்த இரண்டு பெடல் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐபனீஸ் கம்பெனியின் டியூப் ஸ்கிரீமர், பச்சை நிறம், கிதார் வாசிப்பவர்களுக்குத் தெரியும். அதில் டிஎஸ்9, டிஎஸ்808 என்று மாடல்கள் உண்டு. என்னிடம் டிஎஸ்9 இருந்தது. ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு யாரோ டிஎஸ்808 வாசிக்கிற வீடியோ கண்ணில் பட்டது. அந்த இதம் நம்மிடம் இல்லையே என்று அன்றைக்குப் பிடித்தது. இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை என்றால் மிகை, ஆனால் சாப்பிடும்போதும் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கியாயிற்று. அதற்கப்புறம்தான் மின்சுற்றுப் படத்தைப் பார்த்தேன் (இந்த வரிசையே ஓர் அறிகுறி). இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு வெளியீட்டுப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மின்தடைகள். 808இல் 100 ஓம், 10 கிலோஓம். 9இல் 470 ஓம், 100 கிலோஓம். ஒவ்வொன்றும் ஓரிரு ரூபாய்ச் சாமான். சால்டரிங் அயர்ன் என் மேசை டிராயரிலேயே கிடக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, மனைவியை மாற்றி மாற்றி மிதிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். மூன்றாவது தடவை ‘இது 808தான்’ என்று அடித்துச் சொன்னபோது இரண்டுமே அணைந்திருந்தனவாம்.

கவனித்தால், வேதனை முழுக்க அந்த இரண்டு வாரத்தில்தான். பெட்டியைப் பிரித்ததும் இறங்கிவிட்டது, அடுத்தது ஏறும்வரை. சொல் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். முதலில் ‘ஆராமை’, அதாவது தீராத நிலை, என்று யோசித்தேன். குறளில் ‘ஆரா இயற்கை அவா’ என்று வருகிறது, கும்பகோணத்துப் பெருமாளும் ஆராவமுதன். அழகான வேர். ஆனால் டீக்கடையில் நின்று ‘எனக்குக் கருவியாராமை’ என்று எவன் சொல்வான்?

என் முன்மொழிவு: கருவிப்பொருமல்.

வாயு சேர்ந்தால் வயிறு பொருமுகிறது. அடுத்தவன் கையில் இருப்பதைப் பார்த்தால் மனசும் பொருமுகிறது. ஆங்கிலத்தில் சுருக்கெழுத்தை வைத்துச் செய்த சிலேடை தமிழில் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. வினையாகவும் புழங்கும்: ‘அந்த ஆம்ப்ளிஃபயருக்காக ஒரு மாதமாகப் பொருமிக்கொண்டிருக்கிறான்’. கருவி என்பதால் லென்ஸ், டிரைபாட் எல்லாம் அடங்கும். இணையக் கடைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமலேயே படுக்கிற ராத்திரிகளுக்கும் பொருந்தும்.

பொருமலில் கொஞ்சம் பொறாமை தூக்கல், பார்சல் வருகிற அன்றைய குஷி அதில் இல்லை என்று படம் எடுக்கிற நம் அக்கா சொல்லக்கூடும். உண்மைதான் அக்கா. குஷிக்கு வேறு சொல் பார்ப்போம், அது அரைநாள்கூட நிற்பதில்லை.

பி.கு.: குழுமத்தில் விற்பனை கூடாது என்று தெரியும். இருந்தாலும், டிஎஸ்9 யாருக்காவது வேண்டுமென்றால் தனிமடல் போடுங்கள். 808ஐக் கொடுப்பதாக இல்லை.